விருமாண்டி கேட்டது

நாகமலை புதுக்கோட்டை,
12.4.2024

ஜெயக்கொடி அம்மாவுக்கு,

வணக்கம். நான் பத்மாசினி. உங்கள் கணவர் விருமாண்டி மார்கழியிலும் தையிலுமாக நான்கு முறை வந்து பேசிய மனநல ஆலோசனை மையத்தில் வேலை பார்ப்பவள். முதல் முறை நீங்களும் கூட வந்தீர்கள். அவர் உள்ளே பேசி முடிக்கும்வரை வெளி பெஞ்சில், அவருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

அவர் இறந்த மூன்றாம் நாள் நான் கன்னியம்பட்டிக்கு வந்தேன். உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளிக்கூட ஸ்டாப்பில் இறங்கியதுமே உங்கள் கொழுந்தன் அழகுபாண்டி எதிரில் வந்து நின்றார். “பொம்பளையாப் போயிட்டீங்க மேடம். இந்த பஸ் திரும்புறதுக்குள்ள ஏறிருங்க” என்றார். ஏறிவிட்டேன். அதன் பிறகு ஆறு தடவை உங்களுக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. அதனால்தான் நீங்கள் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன்.

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படி எழுதும்போதே இது சம்பிரதாயமாகத்தான் இருக்கிறது என்று தெரிகிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் பேசியதை நான் மறக்கவில்லை. உங்களுக்கோ உங்கள் மகன் சூரியபிரகாஷுக்கோ யாரிடமாவது பேசவேண்டும் என்று இருந்தால் இங்கே வரலாம். என்னிடம் வேண்டாம் என்றால் வேறொருவரை ஏற்பாடு செய்கிறேன்.

இப்படிக்கு,
பத்மாசினி


கன்னியம்பட்டி,
29.4.2024

மேடத்துக்கு,

கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு எனக்கென்று தபால் வந்தது இதுதான் முதல் தடவை. முட்டைக் கணக்கு கேட்டு ஆபீசில் இருந்துதான் ஓலை வந்துவிட்டது என்று நினைத்து அடுப்படியில் வைத்துப் பிரித்தேன்.

என் போன் கொழுந்தனிடம் இருக்கிறது. துக்க வீட்டுக்கு நூறு பேர் போன் போடுவார்கள், நீ பேசிப் பேசி அழ வேண்டாம் என்று வாங்கி வைத்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. அண்ணன் போனதில் என்னைவிட அவர்தான் உடைந்து போனார். உங்களை ஊருக்குள் விடாமல் பஸ் ஏற்றியது தெரியும். அவர் ஏற்றாவிட்டால் நான் ஏற்றியிருப்பேன், வாயும் சும்மா இருந்திருக்காது.

ஆழ்ந்த வருத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆழம் எங்கள் கண்மாய்க்குத் தெரியும் மேடம். அதை விடுங்கள். முதல் நாள் நான் வாசலில் நின்று உங்களிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? தூங்க மாட்டேங்கிறார், சாப்பாடு இறங்கவில்லை, லோடு வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார், சாமி கூப்பிடுது என்கிறார் என்று சொன்னேன். “உங்க குடும்பத்துல சாமி இறங்குறது வழக்கம்தானேம்மா? இதை நோய்னு நினைக்காதீங்க. சிவராத்திரி வரைக்கும் பொறுத்துப் பாருங்க” என்றீர்கள். உசிலம்பட்டி டாக்டர் எழுதிய மாத்திரையைக் காட்டினேன். “அவருக்கே வேண்டாம்னு தோணுனா வற்புறுத்தாதீங்க” என்றீர்கள். நான் வற்புறுத்தவில்லை. இரண்டு அட்டை மாத்திரை இன்னும் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. சிவராத்திரிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கும்போது அவர் போய்விட்டார்.

ஊர் இரண்டாகப் பேசுகிறது. சாமி கூட்டிக்கொண்டது என்று பாதிப் பேர். தானாகப் போய்க் கண்மாயில் விழுந்தான் என்று பாதிப் பேர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். என்னிடம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாத மனுசன் உங்களிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார். என்ன பேசினார்? அதை எழுதுங்கள். வருத்தமெல்லாம் வேண்டாம்.

ஜெயக்கொடி


நாகமலை புதுக்கோட்டை,
14.5.2024

ஜெயக்கொடி அம்மாவுக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. நான் சொன்னவற்றை ஒரு எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படித்தான் சொன்னேன்.

அவர் என்னிடம் பேசியதை என்னால் சொல்ல முடியாது. எங்கள் வேலையின் முதல் விதி அது. உள்ளே பேசுவது வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்துத்தான் அவரை உட்கார வைத்தேன். ஆள் இறந்துவிட்டால் அந்த வாக்கும் இறந்துவிடுவதில்லை. இது உங்களுக்குக் கல்நெஞ்சாகத் தெரியும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சாமி விஷயத்தில் நான் சொன்னதற்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. நான் வேலைக்கு வந்த புதிதில், சாமி வந்து ஆடிய ஒரு அம்மாவை, பைத்தியம் என்று எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவருக்கு ஒரு நோயும் இல்லை. திரும்பி வந்த பிறகு அவர் ஆடவே இல்லை. “என் சாமியக் கொன்னுட்டீங்களே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து மற்றவர்களுடைய சாமியில் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். இதை எழுதுவது தப்பிப்பதற்காக அல்ல என்று நம்புகிறேன்.

பத்மாசினி


கன்னியம்பட்டி,
2.8.2024

மேடத்துக்கு,

விதி என்று எழுதியதைப் படித்துவிட்டு இனி உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது எழுத வேண்டி வந்துவிட்டது.

ஆடி முதல் வெள்ளியில் பங்காளிகள் கூடினார்கள். தீர்ப்பு ஆகிவிட்டது. விருமாண்டியை அய்யாதான் கூட்டிக்கொண்டார். மாசி மாசம், கோயிலைப் பார்த்த கண்மாய்க் கரை, உடம்பில் ஒரு காயம் இல்லை, இது போதாதா என்றார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு பீடம் கட்டி அவர் படத்தை வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மாலை விழுகிறது. தாலி அறுத்தவள் முகத்தில் முழிக்கக் கூடாது என்று ஒதுங்கிப் போனவள் எல்லாம் என்னிடம் திருநீறு வாங்குகிறாள். உயிரோடு இருந்தபோது அந்த மனுசனுக்கு டீக்கடையில் கடன் சொல்லக்கூட வாய் வராது. இன்றைக்கு அவரிடம் பிள்ளை வரம் கேட்கிறார்கள்.

உங்களுக்கு எங்கள் சாமியைத் தெரியாது, சொல்கிறேன். அய்யா என்றுதான் சொல்வோம், முழுப்பேரை வெளியாளிடம் சொல்ல மாட்டோம். அவருடைய உடுப்பும் சலங்கையும் ஒரு பெட்டியில் இருக்கும். வருசம் பூராவும் பெட்டி வீட்டில் இருக்கும். சிவராத்திரிக்குச் சாமியாடி தலையில் ஏறிக் கோயிலுக்கு வரும். இருபத்திரண்டு வருசம் என் வீட்டுக்காரருடைய அண்ணன் பேயாண்டிதான் தூக்கினார். வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு அவர் ஆடி வரும்போது பார்க்கிறவர்களுக்கு உடம்பு நடுங்கும். குறி கேட்டால் கையைத்தான் அசைப்பார், கோடாங்கி அதைப் பார்த்து அர்த்தம் சொல்வார். பேயாண்டி மாரடைப்பில் போன பிறகு இரண்டு வருசம் பெட்டி தூக்க ஆள் இல்லை. அப்புறம்தான் இவருக்குத் தூக்கம் போனது.

இதையும் எழுதிவிடுகிறேன், யாரிடமும் சொன்னதில்லை. பேயாண்டி பெஞ்சாதி முனீஸ்வரிக்குத்தான் இருபத்திரண்டு வருசமும் முதல் தீர்த்தம். நான் மூன்றாவது ஆளாகக் கை நீட்டுவேன். இவர் சாமி கூப்பிடுது என்றதும் என் மனசுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. உங்களிடம் கூட்டி வந்தேனே தவிர, நீங்கள் நோய் இல்லை என்றதும் எனக்கு இனித்தது. கசந்திருந்தால் வேறு ஆளைப் பார்த்திருப்பேன்.

இப்போது என் மகனைக் கேட்கிறார்கள். அப்பனைக் கூட்டிக்கொண்டவர் மகனை விடமாட்டார், வருகிற சிவராத்திரிக்கு சூரியபிரகாஷ்தான் பெட்டி தூக்க வேண்டும் என்கிறார் கொழுந்தன். இருபத்தொரு வயசு. காளவாசல் பக்கம் பைக் ஷோரூமில் வேலை பார்த்தவன் வைகாசியோடு போவதை நிறுத்திவிட்டான். சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போகிறான். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறான். “அப்பனுக்கும் இப்பிடித்தேன் ஆரம்பிச்சுச்சு, அய்யா வந்துட்டாரு” என்று கொழுந்தனுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது. எனக்கு இந்தத் தடவை இனிக்கவில்லை.

உங்கள் விதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அவர் பயந்தாரா? சாமி கூப்பிட்டால் பயம் வராது. பேயாண்டி கடைசி வரைக்கும் சிரித்த முகம். இவர் உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தபோது பயந்த முகமாக இருந்தாரா, இல்லையா?

ஜெயக்கொடி


நாகமலை புதுக்கோட்டை,
6.8.2024

ஜெயக்கொடி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. உங்கள் கேள்விக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் நான் ஒன்று கேட்க வேண்டும்.

சாமியாடி வாயைக் கட்டிக்கொண்டு கையைத்தான் அசைப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆடும்போது மட்டும் உள்ள வழக்கமா? அல்லது உங்கள் சாமி பேசவே பேசாதா? கனவிலோ காதுக்குள்ளோ, எவரிடமும், எப்போதும்?

தயவுசெய்து உடனே எழுதுங்கள்.

பத்மாசினி


கன்னியம்பட்டி,
12.8.2024

மேடத்துக்கு,

ஒரு கேள்வி கேட்டால் திருப்பி ஒரு கேள்வி. இதற்கும் படித்துப் பட்டம் வாங்க வேண்டுமாக்கும்.

பேசாது. அய்யாவுக்கு நாக்கு கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் உயிருக்குப் பயந்து காட்டுக்குள் ஒளிந்திருந்தபோது, எங்கே இருக்கிறார்கள் என்று துரத்தி வந்தவர்கள் அய்யாவைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துத் துப்பிவிட்டார். அன்றிலிருந்து ஊமைதான். கனவில் வந்தாலும் நிற்பார், கை காட்டுவார், அவ்வளவுதான். எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அய்யா பேசினார் என்று எவனாவது வந்து சொன்னால் அது அய்யா இல்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துபோகும்.

எதற்காகக் கேட்டீர்கள்?

ஜெயக்கொடி


வண்டியூர், தெப்பக்குளம்,
30.9.2024

ஜெயக்கொடி அம்மாவுக்கு,

ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதை மையத்திலிருந்து எழுதவில்லை, வீட்டிலிருந்து எழுதுகிறேன். இப்படி ஒரு கடிதம் எழுதப் போகிறேன் என்று மையத்தில் சொன்னேன். எழுதக் கூடாது என்றார்கள். விதியை மீறுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது நான் ஆலோசனைக்கென்று யாரையும் பார்ப்பதில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பயந்தார். முதல் நாளிலிருந்தே பயந்த முகம்தான். அதை நான் பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் தடவை வந்தபோது சொன்னார்: “அது நாள் பூரா பேசுது மேடம். வண்டி ஓட்டையில பேசுது, சோத்துல கை வச்சாப் பேசுது.” என்ன பேசுகிறது என்று கேட்டேன். “பெட்டிக்கு நீ ஆளு இல்லடா நாயேங்குது. அண்ணன் போன எடத்துக்கு வாடாங்குது.” சாமி சோதிக்கிறது, பழைய சாமியாடியின் இடத்துக்கு இவரைக் கூப்பிடுகிறது என்று நான் புரிந்துகொண்டேன். அண்ணன் போன இடம் எது என்று நான் கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் தடவை ஒன்று கேட்டார். “மேடம், சாமி பேசுமா?”

ஜெயக்கொடி, நான் இதை எழுதித்தான் ஆக வேண்டும். நாங்கள் சௌராஷ்டிரர்கள். என் அப்பா ஜனகராஜுக்கு எண்பத்தொரு வயது. தினமும் காலையில் பூஜை அறையில் பெருமாளோடு எங்கள் பாஷையில் பேசுவார். காபியில் சர்க்கரை கூடிவிட்டது என்பதுவரை பேசுவார். பெருமாள் என்ன பதில் சொன்னார் என்று எங்களிடமும் சொல்வார். நான் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். சாமி பேசும் என்பது எங்கள் வீட்டில் காபி மாதிரி. அதனால் நான் யோசிக்கவே இல்லை. என் அப்பாவைப் பற்றி உங்கள் கணவரிடம் சொன்னேன். “நம்புறவங்ககிட்ட சாமி கண்டிப்பாப் பேசும் விருமாண்டி. அதுல பயப்பட ஒண்ணும் இல்ல” என்றேன். அவர் என்னையே பார்த்தார். “அப்பச் சரி” என்றார். குறிப்பேட்டில் நான் எழுதியது இது: நம்பிக்கை உறுதிப்பட்டது, பதற்றம் குறைந்திருக்கிறது.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அய்யாவுக்கு நாக்கு இல்லை, பேசுவது அய்யா இல்லை என்று அவருக்குத் தெரியும். உங்களிடம் கேட்டிருந்தால் அந்த நிமிடமே நீங்கள் சொல்லியிருப்பீர்கள். சொல்லிவிடுவீர்களே என்று பயந்துதான் விவரம் தெரியாத ஓர் ஆளிடம் வந்து கேட்டிருக்கிறார். பேசாது என்று அந்த ஆள் சொல்லியிருந்தால் போதும், மாத்திரையைச் சாப்பிட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. தெரியாத ஆள் எல்லாம் தெரிந்தவள்போல் பதில் சொல்லிவிட்டாள். உங்கள் சாமியை மதிப்பதாக நினைத்துக்கொண்டு என் வீட்டுச் சாமியை அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நான்காம் தடவை அவர் அதிகம் பேசவில்லை. “சாமி கூப்பிட்டாப் போகத்தான மேடம் வேணும்?” என்று மட்டும் கேட்டார். பெட்டி தூக்கப் போவதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆமாம் என்றேன்.

அது நோய். நான் பார்க்கத் தவறிய நோய். நீங்கள் இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். போலீசில் கொடுத்தாலும் சரி. ஆனால் சூரியபிரகாஷ் பற்றி நீங்கள் எழுதியிருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை, கேட்கவும் இல்லை. அவனை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.

பத்மாசினி


கன்னியம்பட்டி,
8.1.2025

மேடத்துக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடத்தான் சத்துணவுக் கூடத்துக்கு எடுத்துப் போனேன். உலை கொதிக்கிறவரை படித்தேன், போட முடியவில்லை. பருப்பு மூட்டைக்கு அடியில் மூன்று மாசமாகக் கிடக்கிறது. மூட்டை மாறும்போதெல்லாம் எடுத்து மறுபடியும் அடியில் வைக்கிறேன்.

உங்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாலு நாள் உங்களைத் திட்டினேன். அஞ்சாம் நாள் அவரைத் திட்டினேன். என்னிடம் கேட்டிருக்கலாமே மனுசா, பக்கத்தில்தானே படுத்துக் கிடந்தேன். அப்புறம்தான் உறைத்தது, நான் முதல் தீர்த்தத்துக்குக் காத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லாமல் விட்டிருப்பார்.

இதை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று நீங்கள் யோசித்தீர்களா? பேசியது அய்யா இல்லை என்றால் கூட்டிக்கொண்டதும் அய்யா இல்லை. பீடம் போகும், மாலை போகும். பைத்தியம் பிடித்துச் செத்தான் என்பார்கள். அந்த மனுசன் வாழ்ந்து ஒரு மரியாதையும் பார்க்கவில்லை. செத்துக் கிடைத்ததையும் நானே பிடுங்க வேண்டுமா?

தை முதல் வெள்ளி, 17ஆம் தேதி, சூரியபிரகாஷுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். சிவராத்திரி வரைக்கும் நாற்பது நாள் கோயிலிலேயே இருக்க வேண்டும், ஒரு வேளைச் சாப்பாடு. அவன் சரி என்று சொல்லிவிட்டான். எனக்குத் தடுக்கத் தைரியம் இல்லை. தைரியம் வரட்டும் என்று எழுதவில்லை, சும்மா எழுதுகிறேன்.

ஜெயக்கொடி


வண்டியூர்,
11.1.2025

ஜெயக்கொடி அம்மாவுக்கு,

ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். பொங்கல் விடுமுறையில் எப்போது வருமோ தெரியாது.

டாக்டர், நோய் என்று எதையும் அவனிடம் பேச வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பேசுதா என்று கேளுங்கள். நான் கேட்டால் பிரயோசனம் இல்லை. அய்யாவைத் தெரிந்தவர் கேட்டால்தான் அவன் பதில் சொல்வான். பேசவில்லை என்றால் அவன் சாமியாடட்டும், நான் உங்கள் வழிக்கே வரமாட்டேன். பேசுகிறது என்றால் அன்றைக்கே, காப்போடு இருந்தாலும் சரி, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள், அவனைத் தனியாக விடாதீர்கள்.

பங்காளிகள் முன்னால் வந்து சொல்ல வேண்டும் என்றால் வருகிறேன். அடித்தாலும் பரவாயில்லை.

பத்மாசினி


கன்னியம்பட்டி,
4.3.2025

மேடத்துக்கு,

அக்கா என்று எழுதலாமா என்று யோசித்தேன், கை வரவில்லை. மேடமாகவே இருங்கள்.

உங்கள் கடிதம் 20ஆம் தேதி பள்ளிக்கூடம் திறந்த அன்றுதான் கையில் கிடைத்தது. காப்புக் கட்டி நாலாம் நாள். மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, பாலும் பழமும் கொடுக்கிற மாதிரி கோயிலுக்குப் போனேன். விரதக்காரனை ஆத்தாகூடத் தொடக் கூடாது. வேப்பமரத்தடியில் பீடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். காதில் பஞ்சு வைத்திருந்தான். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி தெரிந்துபோனது.

“பேசுதாடா?” என்று கேட்டேன்.

ஒரு காதுப் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். அப்புறம், “ஒனக்கு யாரும்மா சொன்னது?” என்றான்.

“அய்யாவுக்கு நாக்கு கெடையாதுடா.”

“தெரியும்மா. அதுனாலதான் யார்ட்டயும் சொல்லல.”

பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தேன். காப்பை நானே அவிழ்த்தேன். மஞ்சள் கயிறு நனைந்து இறுகிப் போயிருந்தது, பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது. எங்கள் வம்சத்தில் ஒரு பொம்பளை இதைச் செய்ததில்லை. கொழுந்தன் ஓடி வந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். “டாக்டர் பாக்கட்டும் மதினி. ஒண்ணுமில்லன்னு அவரு வாயால சொல்லிட்டா நீ மறுபடியும் காப்புக் கட்டணும்” என்றார். அவரே ஆட்டோ பிடித்தார்.

பெரியாஸ்பத்திரியில் சின்னப் பொண்ணு ஒன்று டாக்டராக உட்கார்ந்திருந்தது. பவதாரிணி என்று பேர் குத்தியிருந்தது. அவனிடம் பொறுமையாக எல்லாம் கேட்டது. எத்தனை குரல், ஆம்பளைக் குரலா, என்ன சொல்கிறது என்று. அவன் தலையைக் குனிந்தபடி சொன்னான். அப்புறம் என் பக்கம் திரும்பி, “குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்த மாதிரி இருந்திருக்காம்மா?” என்றது.

கொழுந்தன் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் சாமி. வெள்ளிக்கிழமை மாலை விழும், நான் முதல் ஆளாக நிற்பேன். இந்த டாக்டருக்கு என்ன தெரியப் போகிறது?

“ஆமா. இவங்க அப்பாவுக்கு” என்றேன்.

“இப்ப எப்படி இருக்காரு?”

“இல்ல. கண்மாயில விழுந்துட்டாரு. தானாத்தான் விழுந்தாரு.”

அது குனிந்து எழுதியது. இரண்டு வரிதான் இருக்கும். நான் நிமிர்ந்து பார்த்தபோது கொழுந்தனுடைய நாற்காலி காலியாக இருந்தது.

பதினெட்டு நாள் வார்டில் இருந்தோம். முதல் வாரம் தூங்கிக்கொண்டே இருந்தான். பத்தாம் நாளோ என்னமோ, இட்லியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, “அப்பாவுக்கும் பேசுச்சாம்மா?” என்றான். உங்கள் கடிதம் பையில்தான் இருந்தது. கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான். “எனக்கும் இதையேதான் சொல்லுது” என்றான். என் மடியில் தலையை வைத்து அழுதான். நானும் அழுதேன். அவர் செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

குரல் இன்னும் போகவில்லை, தூரமாகக் கேட்கிறது என்கிறான். மாத்திரையில் கை நடுங்குகிறது. ஷோரூமில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வாரா வாரம் காட்ட வேண்டும். நாகமலை புதுக்கோட்டை ஸ்டாப்பைத் தாண்டித்தான் பஸ் போகிறது. நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை, வந்தால் எழுதுவேன். அந்தக் கேள்வியை நீங்கள் எழுதாவிட்டால் நான் கேட்டிருக்க மாட்டேன், அதையும் மறைக்கவில்லை.

சிவராத்திரிக்குப் பெட்டி வெளியே வரவில்லை. பங்காளிகள் யாரும் எங்களோடு பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் என் கையால் சாப்பிட வேண்டாம் என்று நாலு வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு வாசல்படியில் அவர் படம் குப்புறக் கிடந்தது. பீடத்தில் இருந்து எடுத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்த நாளில் வைத்தார்களோ, மேலே புழுதி ஏறியிருந்தது. எனக்குக் குனிய முடியவில்லை. சூரியபிரகாஷ்தான் எடுத்தான். சட்டையால் துடைத்தான், கண்ணாடி ஒரு ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டவா என்று கேட்டான். வேண்டாம்டா, நாம படுக்கிற பக்கம் மாட்டு என்றேன்.

ஜெயக்கொடி